ஏன் கேட்கவில்லை?

“இந்த ரூமுக்குள்ள ‘யாரு’ங்கிற வார்த்தைக்கே இடம் கிடையாது. ‘ஏன்’ மட்டும்தான். அஞ்சு தடவை ‘ஏன்’ கேட்டா, தப்போட வேர் தானா வெளியில வந்துடும். சரியா?”

டீம் லீடர் சொல்லிவிட்டு மஞ்சள் சீட்டுக் கட்டை மேஜைமேல் வைத்தாள். அன்றைக்கு அவளுக்கு இருந்த நம்பிக்கையை இப்போது நினைத்தால் அவளுக்கே கசக்கிறது.

ஏழு பேரும் தலையாட்டினார்கள். திங்கட்கிழமை நடந்த கூத்துக்குப் பிறகு அவர்களுக்கு வேறு வழியும் இல்லை. அவர்கள் செய்த பஸ் டிக்கெட் ஆப், ஒரே இருக்கையை இரண்டிரண்டு பேருக்குக் கொடுத்துத் தொலைத்திருந்தது. நாற்பது பேர் ஏற வேண்டிய பஸ்ஸில் எண்பது பேர் சண்டை போட்ட வீடியோவை ஊரே பார்த்துச் சிரித்தது.

“பண்ணினது யாருன்னு பேரைக் குடுங்க, வேலையை விட்டு அனுப்பிடலாம்” என்றிருந்தார் மேனேஜர்.

“காரணத்தைக் கண்டுபிடிச்சு நானே சரி பண்றேன் சார். பேர் மட்டும் கேக்காதீங்க” என்று மன்றாடிவிட்டு வந்திருந்தாள்.

பேர் அவளுக்குத் தெரியும். டீமில் எல்லோரும் முப்பதுக்குள் இருக்க, ஒருவருக்கு மட்டும் ஐம்பத்து மூன்று. அதனால் அவர் ‘பெரியப்பா’. வேலையில் புலி. யார் என்ன சொன்னாலும் முகத்தைப் பார்த்து “சரி, சரி” என்று சிரிக்கிற மனிதர். அனுப்பிவிட்டால் இந்த வயதில் எங்கே போய் நிற்பார்? அவரைக் காப்பாற்றத்தான் இந்த ஒர்க்‌ஷாப்பையே கூட்டியிருந்தாள்.

“முதல் ஏன். ஒரே சீட் ஏன் ரெண்டு பேருக்குப் போச்சு?”

“பழைய ஃபைல் ஏறிடுச்சு” என்றான் கண்ணாடிக்காரன். டீமில் வாய்த் துடுக்கு அவனுக்குத்தான்.

“ஏன் பழசு ஏறுச்சு?”

“பழசு வேணாம், புதுசை ஏத்துங்கன்னு காலை மீட்டிங்லதானே மாத்திச் சொன்னீங்க. அது ஏத்தினவருக்குத் தெரியல.”

“ஏன் தெரியல?”

எல்லோரும் பெரியப்பாவைப் பார்க்காமல் இருக்கப் படாதபாடு பட்டார்கள். அதுவே அவரைக் காட்டிக்கொடுத்தது. அவராகவே எழுந்தார்.

“நான்தாம்மா ஏத்தினேன்.”

“ஐயோ, ‘யாரு’ வேணாம் பெரியப்பா. மீட்டிங்ல நீங்களும்தானே நின்னுட்டிருந்தீங்க? சந்தேகம்னா பக்கத்துல ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?”

அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ஏசியிலும் நெற்றி வேர்த்திருந்தது.

“கேக்கலம்மா” என்றார். சொல்லிவிட்டு ஒரு பெருமூச்சு. “ரொம்ப நாளாவே கேக்கறதில்ல. உங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும்.”

இப்படிப் போட்டு உடைப்பார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. அவளுக்கு மனசு நெகிழ்ந்துவிட்டது. நாலாவது சீட்டில் ‘கேட்கவில்லை’ என்று பெரிதாக எழுதிப் பலகையில் ஒட்டினாள்.

“கடைசி ஏன். ஏன் கேக்கறதில்ல?”

“வயசாகுதில்லம்மா.”

“வயசானா கேக்கக் கூடாதுன்னு சட்டமா பெரியப்பா?” என்றான் கண்ணாடிக்காரன்.

அறையே சிரித்தது. அவளும் சிரித்தாள். பெரியப்பா ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கடைசியில் அவரும் சிரித்துவைத்தார்.

வேர் கிடைத்துவிட்டது! சின்னப் பசங்களிடம் போய்க் கேட்பதா என்கிற கௌரவம், அவ்வளவுதானே. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அங்கேயே மருந்தும் எழுதினாள்: ‘பெரியப்பா தினமும் மீட்டிங்கில் மூன்று கேள்வி கேட்க வேண்டும். பதிலைத் திருப்பிச் சொல்ல வேண்டும்.’

பலகையைப் படித்துவிட்டு அவர் உட்கார்ந்தார்.

நாலு நாள் கேட்டார். பதிலை ஏனோதானோவென்று திருப்பிச் சொன்னார். பசங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கவனமே இல்லையே என்று அவளுக்குக் கோபம்கூட வந்தது. ஐந்தாம் நாள் ராஜினாமாக் கடிதம் வந்தது. ஏன் என்று அதில் ஒரு வரி இல்லை.

அடுத்த வாரம் அவருடைய பொருள்களை எடுத்துப்போக அவர் மனைவி வந்தார். ஒரு கப், ஒரு ஸ்வெட்டர், பேத்தியின் படம். அவ்வளவுதான். காலி நாற்காலியைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு நெஞ்சு உறுத்தியது.

“என்மேல வருத்தமாம்மா அவருக்கு? அவரைக் காப்பாத்தத்தான் நான் அவ்வளவும் பண்ணினேன். ஏன் போனாருன்னு எனக்கு இன்னும் புரியல.”

அந்த அம்மாள் பலகையைப் பார்த்தார். ‘கேட்கவில்லை’ என்ற மஞ்சள் சீட்டு இன்னும் அங்கேயே ஒட்டிக்கொண்டிருந்தது.

“ரெண்டு வருஷமா யார்கிட்டயும் சொல்லாம மறைச்சாரு. நீங்க நல்லவங்க, புரிஞ்சுப்பீங்கன்னு நம்பி அன்னைக்கு எல்லார் முன்னாடியும் எழுந்து சொன்னாரு. நீங்களும் இதோ, எழுதியே ஒட்டியிருக்கீங்க.”

“கூச்சம் போகட்டும்னுதான்...”

“கூச்சமா?” அந்த அம்மாளின் குரல் உடைந்தது. “காது கேக்கலன்னு சொன்ன மனுஷனை, தினம் அத்தனை பேர் முன்னாடி நிக்கவெச்சு, பதிலைத் திருப்பிச் சொல்லுன்னு சொல்ல உங்களுக்கு எப்படிம்மா மனசு வந்துச்சு?”