பூனை மறக்காத ஏழு சேதி

கடற்கரையில் நீர்நாய் காயவைத்த கருவாட்டுக்கு ஒரு பூனைதான் காவல். மூன்று வருஷமாக அது ஒரு துண்டில்கூட வாய் வைத்ததில்லை. "நாக்கு என்னோடது, நான் சொன்னாத்தான் நீளும்" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் மார்தட்டும்.

அன்று நீர்நாய் மீன் பிடிக்கப் போயிருந்தது. நண்டு வந்து, "வடக்கே வலை விரிச்சிருக்காங்க, உங்க நீர்நாய் அண்ணன்கிட்ட சொல்லிடு" என்றது. கொக்கு வந்து ஆமைக்குக் காய்ச்சல் என்றது. இப்படி ஏழு பேர், ஏழு சேதி.

"எழுதி வேற வைக்கணுமா? அதான் நான் இருக்கேன்ல!" என்று பூனை எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது. ஒன்றுகூட நழுவிவிடக் கூடாதே! வடக்கே வலை, ஆமைக்குக் காய்ச்சல் என்று முணுமுணுத்தபடியே கருவாட்டுப் பாயைச் சுற்றிச் சுற்றி வந்தது; வேறு எதிலும் அதற்குக் கவனமே இல்லை.

நீர்நாய் திரும்பியதும் ஏழு சேதியையும் ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தது. பெருமையில் அதன் வால் கொடிக்கம்பமாக நின்றது.

"பலே! ஆமா, பாயில இருந்த கருவாடு எங்கே?" என்றது நீர்நாய்.

பூனை மீசையில் ஒட்டியிருந்த உப்பை நக்கிக்கொண்டே சொன்னது: "கருவாடா? அதைப் பத்தி யாரும் சொல்லிட்டுப் போகலியே, அண்ணே! சொல்லியிருந்தா நான் மறப்பேனா?"