இருபத்தாறு டிகிரி

புதுச்சேரியில் மார்கழிக் காலை. தலைமைச் செயலகத்துக்கு எதிரே, ஓய்வூதியக்காரர் ஜான்-பத்திஸ்த் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு கடலில் நிற்கிறார். பேரனைக் குளிப்பாட்ட வாங்கிய வெப்பமானி தண்ணீருக்குள் இருக்கிறது. பக்கத்தில் மனைவி ஈனெஸ், செருப்பைக் கையில் பிடித்தபடி. கடல் சூடாவது சூரியனால்தான் என்பது அவர் கட்சி. நாம் விடும் புகையால் என்பது அவள் கட்சி. தினமும் இதே சண்டை. இன்று அலை காலைத் தொட்டதுமே சண்டை பாதியில் நின்றுவிட்டது. விளாவி வைத்த குளியல் தண்ணீர்போல இருக்கிறது கடல். "எவ்ளோங்க காட்டுது?" அவர் வெப்பமானியைத் தூக்கிப் பார்க்கிறார். "இருபத்தாறு. எப்பவும் போலத்தான்." சிவப்புக் கோடு முப்பதைத் தாண்டி நிற்பது அவளுக்கும் தெரிகிறது. "ஆமாங்க," என்கிறாள் மெல்ல, "இருபத்தாறுதான்." மறுத்துப் பேசுவாள் என்று காத்திருந்தவர், அவசரமாகக் கரையேறுகிறார்.