போர்டுக்கு அபிஷேகம்

ஓர் அலுவலக வாசலில் தகர போர்டு ஒன்று நின்றது. தினமும் காலையில் தோட்டக்காரர் மாசிலாமணி ஹோஸ் பைப்பைப் பிடித்து, அதில் படிந்த தூசியை அரைமணி நேரம் கழுவுவார்.

தன் மேல் என்ன எழுதியிருக்கிறது என்பது போர்டுக்குத் தெரியாது. அது எப்போதும் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. ஒருநாள் காலடியில் நின்ற குரோட்டன்ஸ் செடியிடம் கேட்டது. செடி நர்சரியில் வளர்ந்தது, அதனால் படிக்கத் தெரியும்.

"தினமும் அபிஷேகம் நடக்குதே, என் மேல ஏதாவது சாமி பேரா எழுதியிருக்கு?"

செடி அண்ணாந்து, எழுத்துக்கூட்டி, மனசுக்குள் படித்தது. போர்டிலிருந்து வழிந்த தண்ணீர் அதன் வேரில் இறங்கிக்கொண்டிருந்தது.

"ஆமா, சாமி பேருதான்" என்றது.

பக்கத்துக் கால்வாய் இதைக் கேட்டுக்கொண்டிருந்தது. "கேன்டீன்ல கை கழுவுற தண்ணி என்கிட்ட சும்மாதான் ஓடுது. கொஞ்சம் உன் பக்கம் வரட்டுமா?"

"தீர்த்தம் குடிக்கிற வாய் இது. கழுவின தண்ணியெல்லாம் இறங்காது" என்றது செடி.

சித்திரையில் போர்வெல் காற்றை மட்டும் கக்கியது. மாசிலாமணி ஹோஸைச் சுருட்டி வைத்துவிட்டார். கேன்டீனில் கை கழுவவும் தண்ணீர் இல்லாததால் கால்வாயும் காய்ந்தது. நாலாம் நாள் செடியின் இலைகள் தொங்கிவிட்டன.

"ஏன் அபிஷேகம் நின்னுபோச்சு?" என்று கேட்டது போர்டு.

செடி மெல்லத் தலையைத் தூக்கி, இந்த முறை வாய்விட்டுப் படித்தது.

"தண்ணீரைச் சேமிப்போம்."

"அடப்பாவி! இதை அன்னைக்கே படிச்சிருக்கலாமே?"

"அன்னைக்குத் தண்ணி இருந்துதே."