கண்ணாடிப் பெட்டியில் காட்டுமனுசி

வன்னிக்கு மரம் வெட்டப் போய்க் காணாமற்போன இளையதம்பி, எல்லோரும் கைவிட்ட பிறகு, போன ஆடியில் உரும்பிராய்க்குத் திரும்பி வந்தான். இன்று மனைவி அருந்ததியோடு யாழ்ப்பாணப் பட்டணத்து நூதனசாலைக்குப் போயிருந்தான். காட்டில் தொலைந்தவர்களின் உருவில் தன் பிள்ளைகளை ஊருக்குள் அனுப்புவாள் என்று கதைகளில் மட்டும் கேட்டிருந்த காட்டுமனுசியைப் பாடம் பண்ணி, கண்ணாடிப் பெட்டிக்குள் நிறுத்தியிருந்தார்கள். அவள் மார்பில் வெடிபட்ட துளை தெரிந்தது.

"பாவம், ஆர் சுட்டவையோ?" என்றாள் அருந்ததி.

இளையதம்பி கண்ணாடியில் நெற்றியை வைத்து, "அம்மா" என்று விம்மினான்.

இளையதம்பியைப் பெற்றவள் உரும்பிராயில் அவர்களுக்காகச் சோறாக்கிக்கொண்டிருந்தாள்.

அருந்ததி ஓரடி பின்வாங்கினாள். "இஞ்சாருங்கோ, வாங்கோ, வீட்டை போவம்."

"ஓம், வாறன்" என்று அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தான். வாசலில் அவள் கையைப் பிடித்தான். அப்போதுதான் அவள் வயிற்றுப் பிள்ளை முதன்முறையாக அசைந்தது.