மாமா குடிக்காத தண்ணீர்

சுத்திகரித்த கழிவுநீர் வீட்டுக் குழாய்களில் வரத் தொடங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது. மருமகள் கொடுத்த டம்ளரைப் பெரியவர் மோந்து பார்த்தார்.

"இது என்ன தண்ணிம்மா?"

"குடிக்கிற தண்ணிதான், மாமா."

"அது தெரியுது. எங்கேர்ந்து வந்துச்சு?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "டெஸ்ட் பண்ணின சுத்தமான தண்ணி. பயப்படாம குடிங்க."

"பயமா? எனக்கா? இதைக் குடிச்சா நம்ம குடும்ப மானம் கப்பலேறிடும்!"

டம்ளரைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கவிழ்த்தவர், சமையலறைக் கதவுக்குப் பின்னால் துணி போட்டு மூடியிருந்த தண்ணீர் கேனை இழுத்து நடுவில் வைத்தார்.

"சுத்திகரிப்பு நிலையத்துக்கே தலைமை இன்ஜினியர் உன் புருஷன். 'எங்க வீட்டுலயும் குழாய்த் தண்ணிதான்'னு ஊரைக் கூட்டி அடிச்சுச் சொன்னான். நீ கடையில கேன் வாங்கி ஒளிச்சு வெச்சிருக்கே. அவன் நாளைக்கு மூஞ்சியை எங்கே கொண்டுபோய் வெச்சுக்குவான்?"

குழாயைத் திறந்து டம்ளரை விளிம்பு வரை நிரப்பினார். "பாரு, நான் குடிக்கிறேன்."

"கேனை நான் வாங்கலை, மாமா," என்றாள் அவள் மெதுவாக. "உங்க பிள்ளைதான் கார் டிக்கியில வெச்சுக் கொண்டுவந்தார்."

உதடு வரை போன டம்ளர் அங்கேயே நின்றது.