கடைசியாக வந்த ரிசல்ட்

"ஒருத்தர் பேருல இன்னொருத்தர் ரிசல்ட் வருது. என்ன சாஃப்ட்வேர் சார் குடுத்திருக்கீங்க?"

ஆஸ்பத்திரி லேபிலிருந்து நஜ்முன்னிசா போனில் கத்தியது, எதிரே நின்ற அனிஷாவுக்கும் கேட்டது.

மானேஜர் நவநீதன் போனை வைத்தார். முகம் வெளுத்திருந்தது.

"அனிஷா, முதல்ல நம்ம அப்ளிகேஷனை நிறுத்தும்மா."

நிறுத்தினாள்.

அந்த லேபில் பதினைந்து வருஷமாக ஓடுகிற வெப் சர்வீஸ் ஒன்று உண்டு. ரத்தப் பரிசோதனை முடிவெல்லாம் அதற்குள்தான். அவற்றை வாங்கி டாக்டர்களின் ஸ்கிரீனில் காட்ட, பி.எச்.பி. என்ற கணினி மொழியில் புதிதாக ஒரு அப்ளிகேஷன் எழுதி, இன்று காலைதான் இரண்டையும் இணைத்திருந்தார்கள்.

"எங்க தப்பு?"

"பழைய சர்வீஸ் பதில் சொல்ல லேட்டானா, நம்மது காத்திருக்கல சார். அதுக்கு முன்னாடி வந்த ஆளோட ரிசல்ட்டையே எடுத்துக் காட்டிடுது."

"எத்தனை பேருக்கு?"

"இருபத்து மூணு."

பட்டியலில் ஒரு பெயரில் அவள் கண் நின்றது. மகாலட்சுமி, முசிறி. ஸ்கிரீன் காட்டிய சுகர் நானூற்றுப் பத்து. உண்மையில் தொண்ணூற்று நாலு.

"சார், இவங்களுக்கு இன்சுலின் போட்டுட்டா..."

"லேபுக்குப் போன் போடு!"

மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

"இந்தப் பகுதியை யாரு எழுதுனது?"

அனிஷா ஸ்கிரீனிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள். "பிரவீன்ராஜ் ஆரம்பிச்சது சார்."

பொய்யில்லை. ஆனால் முந்தைய ரிசல்ட்டையே காட்டச் சொல்லும் அந்த ஒரு வரி அவள் எழுதியது. 'ஸ்கிரீன் காலியா நிக்கக் கூடாது' என்று போன வாரம் நவநீதன் சொன்னதால் எழுதியது. "பழசு மெதுவானா என்ன ஆகும்னு பார்க்கணும், இன்னும் ரெண்டு வாரம் வேணும்" என்று பிடிவாதம் பிடித்த பிரவீன்ராஜை வேலையை விட்டு நிறுத்தி ஒரு மாதம் ஆகிறது.

"லெட்டர் டைப் பண்ணு. வேலையை விட்டுப் போன பிரவீன்ராஜோட கவனக்குறைவுன்னு போடு."

"சார்..."

"போலீஸ் வரைக்கும் போகும்மா. நீயா, நானா, அவனா? யோசிச்சுக்கோ."

டைப் செய்தாள்.

ஸ்ரீரங்கத்து ஆபீசிலிருந்து இருவரும் கிளம்பிய கார், காவிரிப் பாலத்தில் பஸ்களுக்கு நடுவே சிக்கி நின்றது. அனிஷா ஆஸ்பத்திரி ரிசப்ஷனைப் பிடித்தாள்.

"மகாலட்சுமிங்கற பேஷண்டுக்கு இன்சுலின் போட வேண்டாம்னு சொல்லுங்க, ப்ளீஸ்!"

"லேப்ல எல்லாரும் வார்டுக்கு ஓடியிருக்காங்க மேடம். என்னன்னே தெரியல. இருங்க, லைன் மாத்துறேன்..."

லைன் கட்டாகிவிட்டது. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் லிஃப்டுக்குக்கூட நிற்காமல் படியேறி ஓடினார்கள். பெண்கள் வார்டு வாசலில் நஜ்முன்னிசா நின்றிருந்தாள்.

"மகாலட்சுமி...?" என்றாள் அனிஷா.

"நல்லா இருக்காங்க. நர்ஸ் ஊசியைக் கையில எடுத்துட்டாங்க, அந்த நேரத்துல தடுத்தாச்சு. மத்தவங்க ரிசல்ட்டும் சரிபார்த்தாச்சு. கடைசியா ஒரே ஒருத்தர்தான் பாக்கி."



நவநீதனுக்கு மூச்சு சீரானது. லெட்டரை எடுத்து நீட்டினார். "இது எங்க பழைய ஸ்டாஃப் ஒருத்தன் பண்ணுன தப்பு மேடம். விவரமா எழுதியிருக்கோம். அவன் மேல நீங்க என்ன நடவடிக்கை எடுத்தாலும் சரி."

நஜ்முன்னிசா படித்தாள். மறுபடியும் படித்தாள். பிறகு குழப்பத்தோடு வார்டின் கோடியைத் திரும்பிப் பார்த்தாள்.

அங்கே கடைசிக் கட்டிலருகே, வியர்த்து நனைந்த சட்டையோடு ஒருவன் கையிலிருந்த காகிதத்தை நோயாளியின் கேஸ் ஷீட்டோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தான்.

பிரவீன்ராஜ்.

"அவர் பேரும் பிரவீன்ராஜ்தானே? மனைவிக்கு டெஸ்ட் எடுக்க வந்தவர், ரிசல்ட்டைப் பார்த்ததும் எங்க லேபுக்கு ஓடி வந்தார். பழைய சர்வீஸ்ல இருந்து ஒவ்வொண்ணா பிரிண்ட் எடுக்கச் சொல்லி, கட்டில் கட்டிலா அவரேதான் ஓடினார். நீங்க யாருன்னு கேட்டேன்... 'தப்பு எங்களோடது மேடம், கம்பெனிதான் என்னை அனுப்பியிருக்கு'ன்னாரே சார்!"