யார் கொண்டுவந்த நார்

மரத்தை மூன்று முறை சுற்றி வந்தால்தான் அணில்களுக்குக் கல்யாணம். அந்த இரண்டும் சுற்றவில்லை. சேர்ந்து ஒரு கூடு கட்டி, நாலு மழைக்காலம் அதில் கிடந்துவிட்டுப் பிரிந்தன. அடுத்த மழைக்குள் கூடு யாருக்கென்று முடிவாக வேண்டும்.

பெண் அணில் பெருச்சாளியை வக்கீலாக வைத்தது. ஆண் அணில் அந்தப் பெருச்சாளியின் தம்பியை வைத்தது.

"மரத்தைச் சுத்தியிருந்தா ஆளுக்குப் பாதின்னு ஒரே நாள்ல முடிஞ்சிருக்கும் தாயி," என்றது பெருச்சாளி. "இப்போ எந்த நாரை யார் கொண்டுவந்தீங்கன்னு நிரூபிக்கணும். ஒவ்வொண்ணா உருவிக் கொண்டா. வாய்தாவுக்குப் பத்துக் கடலை."

"எல்லாமே நான் கொண்டுவந்ததுதான் அண்ணே. அவன் தூங்கினதுதான் மிச்சம்."

தம்பிப் பெருச்சாளியிடம் ஆண் அணிலும் இதையேதான் சொன்னது.

வாய்தாவுக்கு வாய்தா இரண்டும் போட்டி போட்டு நார் உருவின. சேர்த்து வைத்த கடலை ஆவணியிலேயே தீர்ந்தது. ஐப்பசியில், கொட்டும் மழையில் தீர்ப்பு வந்தது. கூடு பெண் அணிலுக்கு.

"நார் எங்கே அண்ணே?"

"ஃபீஸ் பாக்கிக்கு எடுத்துக்கிட்டோம்," என்றது பெருச்சாளி. வளைக்குள்ளே நார் மெத்தையில் தம்பி குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

பெண் அணில் வளைக்குள் எட்டிப் பார்த்தது.

"அவனுக்கு ஏதாவது கிடைச்சுதா?"

"ஒரு நார்கூட இல்ல."

"அப்போ சரி," என்று சொல்லிவிட்டு, நனைந்த வாலை இழுத்துப் போர்த்திக்கொண்டு மொட்டைக் கிளையில் போய்ப் படுத்தது.